பயனர் எத்தனை பேர்?

பிப்ரவரி 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நான் சுகம், இடுப்பைத் தவிர. இடுப்புக்குத் தனியாகக் கடிதம் எழுதும் அளவுக்குப் புகார் இருக்கிறது. உன் தொண்டைக் கரகரப்பு விட்டதா? ஜில்லென்று தண்ணீர் குடிக்கிறாயா? குடிப்பாய், தெரியும்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் "அப்புறம்?", "நீங்கதான் சொல்லணும்", "இங்க என்ன, ஒண்ணுமில்ல" என்று சொல்லியே வைத்துவிடுகிறோம். அதனால் நீ சொன்னபடி கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டி மெயில் அனுப்புகிறேன். நடுவில் நீ குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

விஷயம் இதுதான். நம் கண்ணாடிக் கடை சாப்ட்வேர் இன்று காலை திறந்ததும் திரை நடுவில் ஓர் அறிவிப்பைக் காட்டியது. பழைய பதிப்பை நிறுத்தப் போகிறார்களாம். புதுப் பதிப்புக்கு மாறாவிட்டால், நீ பத்து வருஷமாக உட்கார்ந்து பதிந்து வைத்த அத்தனை பேருடைய கண் பவரும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "நாங்க ஆயுள் லைசென்ஸ் வாங்கினவங்கம்மா" என்றேன். "ஆமா சார், அது அந்தப் பதிப்போட ஆயுள். அது முடிஞ்சுபோச்சு" என்றாள். துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னதால் சண்டை போட மனசு வரவில்லை.

புதியதை அக்டோபர் வரை சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு வருஷா வருஷம் கட்ட வேண்டும். கடைக்கு இவ்வளவு என்று இல்லை, ஆளுக்கு இவ்வளவு. யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பெயரோடு கொடுக்க வேண்டும். இப்போது இருப்பது இரண்டு பேர் கணக்கு, நீயும் நானும். "புதுசுல பயனர் எத்தனை பேர் சார்?" என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

உன் ஆஸ்பத்திரி ஒப்பந்தமும் அக்டோபரில்தானே முடிகிறது? சும்மா கேட்டேன். எத்தனை பேர் என்று சொல்லட்டும்?

வேளைக்குச் சாப்பிடு.

உன் கடைக்காரன்

பிப்ரவரி 20

அன்புள்ள கடைக்காரருக்கு,

தொண்டை தேவலை. ஜில் தண்ணீர்தான் குடிக்கிறேன், அங்கிருந்து நீங்கள் என்ன செய்துவிட முடியும்? இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் குனிந்தே நிற்காமல் அந்த உயர ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். அதை வாங்கியது பிரேம் பெட்டி அடுக்குவதற்கு இல்லை.

போன வாரம் என்னை வேறு அறைக்கு மாற்றினார்கள். நல்ல வெளிச்சம். கதவில் என் பெயரும் அதன் கீழே 'கண் பரிசோதகர்' என்றும் பலகை மாட்டியிருக்கிறார்கள். நம் கடையின் பின்னறையில் நான் பரிசோதித்து முடித்த பிறகும், வருகிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்பார்களே, இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. முதல் நாள் அந்தப் பலகையைக் கைக்குட்டையால் துடைத்தேன். விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

எண்ணிக்கைக்கு இப்போது என்ன அவசரம்? அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அப்டேட் போடும் முன் எல்லாவற்றையும் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். திரையில் எது வந்தாலும் படித்துப் பார்க்காமல் 'சரி' என்பதை அமுக்காதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இந்த வேலை வந்தபோது, "போகட்டுமா?" என்று கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே 'சரி' அமுக்கியவர் நீங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டாக்டரம்மா

மார்ச் 14

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். இடுப்பு கொஞ்சம் சமாதானமாகியிருக்கிறது. அங்கே வெயில் எப்படி?

அப்டேட் போட்டாயிற்று. நகல் எடுத்துவிட்டுத்தான் போட்டேன். பழையதில் எது எங்கே என்று என் கைக்கே தெரியும். இப்போது பில் போடும் பட்டன் இடமிருந்து வலம் போய்விட்டது. தேடு என்பது மேலே ஏறி ஒரு பூதக்கண்ணாடிப் படமாகிவிட்டது. சொந்த வீட்டில் யாரோ வந்து சமையலறையையும் குளியலறையையும் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி தடவிக்கொண்டிருக்கிறேன். அதோடு எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கிறதாம். பாஸ்வேர்டு இருந்தால் எங்கிருந்தும் உள்ளே போகலாம் என்று உதவி எண் பெண் சொன்னாள். உன் பாஸ்வேர்டு பழையதுதான், நான் மாற்றவில்லை.

உன் அறையைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். பலகை நல்ல மரமா, பிளாஸ்டிக்கா?

பின்னறை விளக்கை இப்போது போடுவதில்லை. வருகிறவர்களை வெளியே டாக்டரிடம் சீட்டு வாங்கி வரச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடைக்காரன்

ஏப்ரல் 6

அன்புள்ள கடைக்காரருக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். வெயில் இருக்கிறது, அறைக்குள் தெரிவதில்லை. பலகை பிளாஸ்டிக்தான்.

எங்கள் பிரிவுத் தலைவி நேற்று கூப்பிட்டார். "ஒப்பந்தம் முடிஞ்சதும் இன்னும் மூணு வருஷம் இருக்கீங்களா? உங்களை விட எங்களுக்கு மனசில்ல" என்றார். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன். இதோ கேட்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பதில் அக்டோபருக்குள் கொடுத்தால் போதும். மே மாதம் லீவில் வரலாம் என்று இருந்தேன், அதையும் தள்ளிவிட்டார்கள்.

அப்புறம், நம் தெரு மளிகைக் கடைக்காரருக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை 36 என்று போட்டிருக்கிறீர்கள். அவர் மனுஷனா, வாத்தா? 63. உடனே மாற்றுங்கள்.

உங்கள் டாக்டரம்மா

ஏப்ரல் 11

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

சுகம். 36ஐ 63 ஆக்கிவிட்டேன். வாத்து இப்போது மனுஷனாகிவிட்டது.

மூன்று வருஷம் என்பது நல்ல வாய்ப்பு. உன் விருப்பம்தான். எனக்கு ஒன்றும் ஆட்சேபனை இல்லை. இங்கே கடை ஓடுகிறது.

உதவி எண் பெண் திரும்பவும் கூப்பிட்டு, "பயனர் எத்தனை பேர்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்றாள். வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

லீவைத் தள்ளியது பற்றி ஒன்றும் நினைக்காதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று ஏற்பாடு செய்திருந்தேன். அதையும் தள்ளிவிட்டேன்.

உன் கடைக்காரன்

ஜூன் 22

கடைக்காரருக்கு,

இங்கே எல்லாம் சுகம். 'உன் விருப்பம்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு இத்தனை நாளாக மறு கடிதமும் போடாமல் இருக்கிறீர்களே, உங்களுக்கு அங்கே சுகம்தானா?

நேராகவே கேட்கிறேன். உங்களுக்கு என்ன ஆகிவிட்டது? பாட்டு டீச்சருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்குப் போட்டிருக்கிறீர்கள். தபால்காரருக்கு வயது நூற்று நாற்பதாம். தையற்காரர் மனைவிக்கு மைனஸ் போட வேண்டிய இடத்தில் பிளஸ். பத்து வருஷத்தில் இவ்வளவு தப்பு நீங்கள் செய்து பார்த்ததில்லை. கண் தெரியவில்லையா? கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் கண்ணைப் பரிசோதிக்க ஊரில் ஆளா இல்லை? போய்க் காட்டுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பில்கூட இல்லையே. கடையைத் திறக்கவில்லையா? உடம்புக்கு என்ன?

டாக்டரம்மா

ஜூலை 30

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மின்சாரம் இல்லை, நாள் பூராவும் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. பதில் எழுதாமல் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். இப்போது எழுதுவது சந்தோஷ சமாசாரம் இல்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாரே, நம் பழைய வாடிக்கையாளர், அவர் புதுக் கண்ணாடிக்கு வந்தார். அவர் பவரில் லென்ஸை வைக்க ஒரு கோணம் உண்டல்லவா? 90. நான் 180 என்று பதிந்து சேமித்தேன். தெரிந்தேதான் பதிந்தேன். சாயங்காலம் நீ உள்ளே வந்து பார்ப்பாய், திட்டி எழுதுவாய், அப்புறம் சரிசெய்து ஆர்டர் போடலாம் என்று இருந்தேன். ஏப்ரலில் அந்த 36ஐ நீ பிடித்தாயே, அது நிஜத் தப்பு. நான் உனக்குச் சொல்லாத ஒன்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்ததும் விளங்கிவிட்டது. கேட்டால் நீ வருவதை நிறுத்திவிடுவாய் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு போட்ட தப்பெல்லாம் நீ வந்து பார்க்க வேண்டும் என்று போட்டது; ஆர்டர் மட்டும் சரியான எண்ணில்தான் போகும். சாயங்காலம் ஆனால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். உனக்குத் தெரியாதுதான், இருந்தாலும் போட்டுக்கொள்வேன்.

இந்த மாத முதல் வாரத்தில் இன்னொரு அப்டேட் வந்திருந்தது. வழக்கம்போல 'சரி' அமுக்கினேன். சேமித்தவுடன் ஆர்டர் தானாக லென்ஸ் பட்டறைக்குப் போய், பிரேமும் அங்கேயே பொருத்தி, நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்புகிற ஏற்பாடாம் அது. கட்டத்தில் டிக் தானாகவே விழுந்திருந்தது. நான் பார்க்கவில்லை. கண்ணாடி என் கைக்கு வந்திருந்தால் ஒரு பார்வையில் பிடித்திருப்பேன். வரவே இல்லை.

மனுஷன் போட்டுக்கொண்டிருக்கிறார். தரை சாய்ந்து தெரிந்திருக்கிறது. புதுக் கண்ணாடி என்றால் இரண்டு நாளில் பழகிவிடும் என்று நாம்தானே எல்லாரிடமும் சொல்லி அனுப்புவோம்? அதை நம்பி வேனைப் பின்னால் எடுத்து, பள்ளிக்கூட வாசல் தூணில் இடித்துவிட்டார். வேனில் பிள்ளைகள் யாரும் இல்லை. அவருக்கு நெற்றியில் லேசான காயம். கடைக்கு வந்து, "என் மேலதான் தப்பு சார், இன்னும் பழகலை" என்றார். அவரை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியை நானே தேய்த்துப் பொருத்திக் கொடுத்துவிட்டேன்.

உனக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

உன் கடைக்காரன்

ஆகஸ்ட் 3

கடைக்காரருக்கு,

டிரைவர் நெற்றிக் காயம் ஆறியதா என்று விசாரித்து எழுதுங்கள்.

கண்ணோடு விளையாடலாமா? நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக இரண்டு தடவை பார்த்துப் பதிந்த இடம் அது. அதில் போய் வேடிக்கை காட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகள் இருந்திருந்தால்? என்னைப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்க வேண்டும் என்று எழுதத் தெரியாதா? அதற்கு ஒரு மனுஷனுடைய கண்தானா கிடைத்தது?

நானும் திருட்டுத்தனமாக வந்து பார்த்தேன். அதை நீங்கள் தெரிந்துவைத்திருந்தீர்கள் என்று நினைத்தால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பயனர் போதும். பார்க்க ஆள் இல்லையென்றால் ஒழுங்காக வேலை செய்வீர்கள்.

ஆகஸ்ட் 5

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

காயம் ஆறிவிட்டது. தையல் போடவில்லை.

நீ சொன்னது எல்லாம் சரி. சொன்னபடியே உன் பெயரை எடுத்துவிட்டேன். 'இந்தப் பயனரை நீக்க உறுதியாக விரும்புகிறீர்களா?' என்று கேட்டது. இந்தத் தடவை 'சரி' அமுக்கும் முன் முழுக்கப் படித்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் கடைக்காரன்

செப்டம்பர் 18

அன்புள்ள உங்களுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இடுப்பு? சத்தியமாகக் கேட்கிறேன், எழுதுங்கள்.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைப் படிக்காமலே வைத்திருந்தேன். கோபம் தீரட்டும், பிறகு படிக்கலாம் என்று. அதோடு அந்தச் சாப்ட்வேர் பக்கமும் போகவில்லை, ரோஷம். நேற்று தலைவி கூப்பிட்டு, "என்னம்மா, வீட்ல என்ன சொல்றாங்க? இன்னிக்குள்ள கையெழுத்துப் போட்டாதான் உங்க இடத்தை வைக்க முடியும்" என்றார். சாயங்காலம் வரை நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தேன். கடையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். யார் வந்தார்கள், பாட்டு டீச்சர் கடைசியில் அந்தப் பழுப்பு பிரேமையே எடுத்தாரா, கடைசிப் பில் எத்தனை மணிக்கு என்று பார்ப்பேன். கடைசிப் பில் போட்டதும் நீங்கள் ஷட்டரை இறக்கி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று தோன்றிய பிறகுதான் நான் சாப்பிடப் போவேன்.

நேற்று பாஸ்வேர்டு போட்டேன். 'இந்த நிறுவனத்தில் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் போட்டேன். அப்புறம்தான் உங்கள் கடிதத்தைத் திறந்தேன். கோபத்தில் ஒன்று சொன்னால் அதற்குமா 'சரி' அமுக்குவீர்கள்? நான் இல்லாமலே உங்களுக்குச் சரியாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷம்.

போட்டுவிட்டு வந்து அழுதேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வா என்று எழுதியிருந்தால் வந்திருப்பேன். ஏன் எழுதவில்லை?

உங்கள் டாக்டரம்மா

செப்டம்பர் 27

அன்புள்ளவளே,

இடுப்பு வலிக்கிறது. தூக்கம் வரவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. சத்தியமாகக் கேட்டாய் என்பதால் சத்தியமாகச் சொல்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அழுகை நின்றதா?

ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். பலகையைக் கைக்குட்டையால் துடைத்தேன் என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு எப்படி எழுதுவேன்? இங்கே ஜன்னல் இல்லாத பின்னறையில் உன்னை உட்கார்த்தி வைத்திருந்தேன். நீ பார்த்துச் சொன்ன பவரை என்னிடம் வந்து, "இது சரிதானே சார்?" என்று கேட்பார்கள். நான் தலையாட்டுவேன். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. மறுபடியும் அந்த அறைக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன், அனுப்பும் முன் அழித்தேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையைத் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை யோசித்தேன். நீ வருவாயா, மாட்டாயா என்றுதான் இவ்வளவு நாளும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஏன் எழுந்திருக்கவில்லை? என்னை இங்கே யார் கட்டிப்போட்டிருக்கிறார்கள்? ஒரு சாப்ட்வேர், ஒரு ஷட்டர், ஒரு மெஷின். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். கடையின் இந்த அலமாரிப் பலகைகளை எல்லாம் நானே அறுத்து அடித்தேன். ஆனால் சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு ஒரு திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை.

நேற்று உதவி எண் பெண் கூப்பிட்டாள். "கடைசி வாய்ப்பு சார். பயனர் எத்தனை பேர்? ஒண்ணா, ரெண்டா?" என்றாள். "பூஜ்யம்" என்றேன். "பூஜ்யம்னு போட்டா சிஸ்டம் ஏத்துக்காது சார்" என்றாள். "அப்ப கணக்கை மூடிடுங்கம்மா" என்றேன். "ஏன் சார், எங்க சாப்ட்வேர்ல ஏதாவது குறையா?" என்று பதறினாள். "குறையில்லம்மா, என் வீட்டுக்காரம்மா வேற ஊர்ல இருக்காங்க" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, "நல்லபடியா போய்ட்டு வாங்க சார்" என்றாள்.

பூட்டும் முன் எல்லாருடைய பவரையும் அச்செடுத்து அவரவர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்க்கிறேன். வேன் டிரைவர்தான் தினமும் வந்து தூக்கி இறக்க உதவுகிறார். மெஷினை மட்டும் கையோடு கொண்டுவருகிறேன். வேலைக்குக் கவலைப்படாதே. மூக்கு இருக்கிற ஊரில் கண்ணாடிக்காரனுக்கு வேலை இல்லாமல் போகாது. உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று அந்த நர்ஸிடம் கேட்டுவை. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

வா என்று எழுதத் தெரியாமல் இத்தனை மாதத்தைக் கடத்திவிட்டேன். வருகிறேன் என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வருகிறேன்.

உன்னவன்